டீச்சரம்மா கேட்ட நான்கு வரி

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அறக்கட்டளையிலிருந்து வந்த அதிகாரி, குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் டீச்சரம்மா, என் மருமகள், நாலரை வயதுப் பேத்தி, நான். எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு கால் வாசலுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே என்று கொஞ்ச நேரம் நின்றார். அவரையும் சேர்த்தால் ஐந்தரை.

(ஐந்தரை என்பதை அடிக்கப் பார்த்தேன். வேடிக்கையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இனிமேல் அதிகம் வராது.)

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கதை எழுத நான் ஆசைப்பட்டதில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன். எழுதியதெல்லாம் சான்றிதழும் கடிதமும்தான். போன வாரம் டீச்சரம்மா வந்தார். "ஐயா, நடந்தத நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும். பதினஞ்சாம் தேதிக்குள்ள அனுப்பினா இன்னொரு தடவ பரிசீலிக்கறோம்னு சொல்லியிருக்காங்க" என்றார். சரி என்றேன். அன்று மாலையே உட்கார்ந்தேன். நான்கு வரி வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

அந்த நான்கு வரியை நம்பி இரண்டு காரியங்கள் நிற்கின்றன. ஒன்று, காப்பகம் மறுபடியும் காலை ஐந்து மணிக்குத் திறக்குமா என்பது. மற்றொன்று, என் மருமகளின் பெயர். அது இப்போது எங்கள் கட்டடத்து மாடிப்படியில் கிடந்து மிதிபடுகிறது. என்ன பேசுகிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பிறர் பேசுவதை எழுதி எனக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

2

தொடக்கங்கள்.

"மருத்துவமனைச் சலவைப் பிரிவில் காலை வேலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது." அடித்துவிட்டேன். அலுவலகக் குறிப்பு மாதிரி இருக்கிறது.

"எங்கள் குடும்பத்தார் யார் வீட்டு வாசலிலும் கை நீட்டி நின்றதில்லை." இதையும் அடித்தேன். பொய் என்பதால் அல்ல. இந்த வாக்கியத்துக்குப் பிறகு என் அப்பாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டேன். அவர் இந்தக் கதையில் இல்லை.

"குழந்தை கதவைத் தட்டிக்கொண்டே" 

இதை முடிக்கவில்லை. பிறகு வருகிறேன்.

சாதாரணமாகச் சொல்கிறேன். பேருந்து பணிமனைக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் காப்பகம். இருபத்து மூன்று குழந்தைகள். பெற்றோர்கள் பேருந்து கழுவுகிறவர்கள், ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், மருத்துவமனையில் துணி வெளுக்கிறவர்கள். ஊர் விழிப்பதற்கு முன்பே வேலைக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். காலை ஐந்து மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ளும் இடம் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அந்த நேரத்துக்கு ஆள் வைக்கவும் விளக்குப் போடவும் ஒரு நிதியுதவி வந்துகொண்டிருந்தது. இந்த வருடத்தோடு அது முடிந்தது. டீச்சரம்மா வேறொரு அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். அவர்கள் ஒரே ஒரு குடும்பத்தின் வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். இருபத்து மூன்றில் டீச்சரம்மா எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஏன் என்று கேட்டேன். "உங்க வீட்டுலதாங்க ஐயா நல்லாப் பேசத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு" என்றார்.

இதைப் படிக்கிறவர் சிரிக்க விரும்பினால் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.

3

மருமகளை எழுதுவது கடினமாக இருக்கிறது. முதல் வரைவில் அவள் அமைதியானவளாக, அடிக்கடி கண் கலங்குகிறவளாக வந்தாள். அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்ததில்லை. இரண்டாவது வரைவில் தியாகியாக வந்தாள். அதை அவளே படித்தால், "இது யாரு மாமா?" என்று கேட்பாள்.

கண்ணால் பார்த்ததை மட்டும் வைக்கிறேன். விரல் நுனிகள் வெளுத்திருக்கும், மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி. காலை நாலு நாற்பதுக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவாள். படியில் சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கையில் பிடித்திருப்பாள். கீழே போய்த்தான் போடுவாள். மூன்று மாடியில் ஒருவர் தூக்கத்தையும் அவள் கெடுத்ததில்லை.

(இந்த இடத்தில் என் மகனைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவன் வெளியூரில் இருக்கிறான் என்பது வாசகருக்குப் போதும். எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்.)

அந்த வாரம் அவள் சொன்னாள்.

"மாமா, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வராங்களாம். நான் அரை நாள் கேட்டிருக்கேன்."

"அப்ப வீட்ட ஒழுங்கு பண்ணணும்."

"ஒண்ணும் பண்ண வேணாம். எப்பவும் இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"எப்பவும் இருக்கற மாதிரின்னா? சுவரு பூரா ஈரம். இருக்கறது ஒரு நாற்காலி, அதுக்கும் ஒரு கால் ஆட்டம். அத வந்து பாக்கட்டுமா?"

"அதப் பாக்கத்தான மாமா வராங்க."

இந்தக் கடைசி வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். அவள் அப்படித்தான் சொன்னாள்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "டீச்சரம்மா விண்ணப்பத்தோட சேத்துக் குடுக்க நம்ம வீட்டப் பத்தி எழுதச் சொன்னாங்க, அதுல உங்களப் பத்தியும் ரெண்டு வரி எழுதியிருக்கேன். ஒரு தடவ படிச்சிருங்க மாமா." மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் படிக்கவில்லை. நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அது பெருந்தன்மை போலத் தெரியலாம். என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் படிக்கவில்லை.

4

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பள்ளியில் கட்டணச் சலுகை கேட்டு எழுதும் குடும்பங்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, உண்மையா என்று குறித்து வருவதும் எழுத்தரின் பொறுப்பு. எத்தனையோ வீடுகள். மின்விசிறியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள், ஒயர் மட்டும் எட்டிப் பார்க்கும். பெண் குழந்தையின் காதில் அன்று காலைதான் கம்மல் கழற்றிய அடையாளம் இருக்கும். ஒரு வீட்டில் சுவர் முழுக்கப் புகையேறி இருந்தது, ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக வெளுப்பு. கடிகாரம் மாட்டியிருந்த இடம். நான் வேண்டுமென்றே, "மணி என்ன ஆகுதுங்க?" என்று கேட்டேன். அந்த மனிதர் அந்த வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இதை அலுவலகத்தில் பல வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இல்லாதவன் வேடம் போட்டு ஒருவர் முன்னால் நிற்கும் நிலை என் வீட்டுக்கு வரவே கூடாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

(இந்தப் பத்தியை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அவர் அந்தக் கடிகாரத்தை விற்றிருக்கலாம். நான் கேட்கவே இல்லை.)

வியாழக்கிழமை காலை மருமகளும் பேத்தியும் போன பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தையல்காரர் வாயில் ஊசியோடு திறந்தார்.

"நாலு நாற்காலி வேணும். மத்தியானம் வரைக்கும்."

"என்ன பெரியவரே, மந்திரி யாராச்சும் வராரா?"

"மருமக விஷயமா ஒரு அதிகாரி வராங்க."

"அப்ப மெத்தை வச்சதாவே எடுத்துக்கங்க. அளவு குடுக்க வர்றவங்க அதுல உட்காந்து தூங்கிடறாங்க, எழுப்பித்தான் அனுப்பறேன். திரைச்சீல ஏதும் வேணுமா? ஒரு அம்மா தைக்கக் குடுத்துட்டு ரெண்டு மாசமா எட்டிப் பாக்கல."

நீல நிறத் திரை. கனமான துணி. ஈரம் படர்ந்த சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டினோம். அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. தையல்காரர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "காத்துதான் வராது, மத்தபடி அரமண" என்றார்.

பத்தரைக்கு டீச்சரம்மா பேத்தியைக் காப்பகத்திலிருந்து கூட்டிவந்தார். அறையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். "நல்லா வச்சிருக்கீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அதிகாரிக்கு வழி காட்டத் தெருமுனைக்குப் போனார். பேத்தி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தாத்தா, நமக்கு ஜன்னல் வந்துடுச்சா?"

"இங்க பாரு. வர்றவங்க முன்னாடி இந்தத் திரையப் பத்தியும் நாற்காலியப் பத்தியும் பேசக் கூடாது."

"பேசினா?"

"பேசக் கூடாது."

"சரி" என்றாள்.

5

அதிகாரி வயதில் சிறியவர். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. எனக்கு வணக்கம் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லாத பெண். இந்தக் கதைக்கு ஒரு கெட்ட மனுஷி தேவை என்றால் அவர் அதற்கு உதவ மாட்டார். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நேராக நின்று வரவேற்றேன்.

மருமகள் வேலையிலிருந்து நேராக வந்தாள். வாசலில் நின்று நாற்காலிகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உக்காரும்மா" என்றேன், விருந்தாளியிடம் சொல்வது போல. பிறத்தியார் வீட்டில் உட்காருகிற மாதிரி அவளும் நுனியில் உட்கார்ந்தாள்.

அதிகாரி வேலை நேரம் கேட்டார், பேருந்து கேட்டார், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று கேட்டார். மருமகள் எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னாள். அதிகாரி இடையிடையே அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே குறித்தார். அப்புறம் குழந்தையிடம் குனிந்தார்.

"பாப்பா, உங்க வீட்டுல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

(எந்த எழுத்தாளரும் இந்த இடத்தில் குழந்தையை உண்மை பேச வைத்துவிடுவார். "இது தையல்கார மாமாவோட நாற்காலி, ஜன்னல் சும்மா!" என்று அவள் கத்த, எல்லோரும் சிரிக்க, தாத்தா தலை குனிய, அதிகாரி எழுந்து திரையை விலக்கிப் பார்க்க. நானும் அப்படி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன். நடக்கவில்லை.)

குழந்தை திரையைப் பார்த்தாள். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா. வேறு என்ன சொல்வது என்று தேடி, "தாத்தா" என்றாள்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா! அப்ப ஐயா, காலைல அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும், அந்த மூணு மணி நேரம் பாப்பாவ நீங்களே பாத்துக்க முடியாதுங்களா?"

6

அதற்கு நான்

அதற்கு நான், வயதில் மூத்தவன் என்ற முறையில்

அதற்கு நான், கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்

மூன்றாவது வாக்கியம் பொய். கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது. இந்த இடத்துக்கு வராமல் இருக்கத்தான் கடிகாரம், திரை, செருப்பு என்று சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பகுதியில் பாதியில் விட்ட வாக்கியத்தை முதலில் முடிக்கிறேன்.

சென்ற வருடம் ஒரு நாள் பேத்திக்குக் காய்ச்சல். காய்ச்சல் குழந்தைகளைக் காப்பகத்தில் எடுக்க மாட்டார்கள். மருமகளுக்கு விடுப்பு இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், போ என்றேன். ஏழு மணி வாக்கில் குளியலறையில் தலை சுற்றி விழுந்தேன். இடது பக்கம் அசைக்க முடியவில்லை. கூப்பிடக் குரலும் எழவில்லை. வீட்டு வாசல் தாழ்ப்பாள் பேத்திக்கு எட்டாது. மூன்றரை வயது. குழந்தை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் கையால், பிறகு ஒரு டம்ளரால். நாற்பது நிமிடம். அந்த டம்ளர் சத்தம் கேட்டுத்தான் தையல்காரர் வந்து வாசல் கதவை உடைத்தார். ஈரத் தரையில் நான் கிடந்த கோலத்தை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குழந்தையோடு என்னைத் தனியாக விடவே கூடாது என்று மருத்துவர் மருமகளிடம் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

விண்ணப்பத்தில் அவள் எழுதிய இரண்டு வரி இதுதான்.

இப்போது அதிகாரியின் கேள்விக்கு நான் சொன்ன பதில்.

"ஏன் முடியாது? தாராளமா பாத்துப்பேன். இந்த வயசுலயும் மூணு மாடி ஏறி எறங்கறேன்."

டீச்சரம்மா கையிலிருந்த தேநீர் பாதி வழியில் நின்றது. "ஐயா, விண்ணப்பத்துல வேற மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"விண்ணப்பம்னா கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க. நான் முப்பது வருஷம் பாத்தவன்" என்றேன்.

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதிகாரியும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு குறித்துக்கொண்டார். வாசலில் நின்றிருந்த தையல்காரர் உள்ளே இருந்த காலையும் வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மருமகள், "மாமா" என்றாள்.

"நீ சும்மா இரும்மா."

அவள் சும்மா இருந்தாள். அவள் பேசியிருந்தால், தன் மாமனார் எப்படிக் கிடந்தார் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் என்னை உட்கார வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எழுந்து தேநீர்க் குவளைகளை எடுத்தாள். அந்த அறையில் ஒருவர் மானத்தை இன்னொருவர் காத்தது அது ஒன்றுதான்.

7

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. "அதிகாலைப் பராமரிப்புக்கான தேவை போதிய அளவு உறுதிப்படவில்லை. நேரில் அறிந்தது விண்ணப்பத்தில் தரப்பட்ட தகவலோடு பொருந்தவில்லை." நல்ல நடை. நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

இப்போது காப்பகம் எட்டு மணிக்குத் திறக்கிறது. இருபத்து மூன்று குழந்தைகள் ஒன்பதாகிவிட்டார்கள். ரொட்டித் தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டதாக டீச்சரம்மா சொன்னார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மருமகள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டாள். மதிய முறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு சேர்ந்து. இவள் போகும்போது அவள் குழந்தைகளைப் பார்ப்பாள், அவள் போகும்போது இவள். என் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்தாள். தையல்காரரிடம் சாவி ஒன்று கொடுத்தாள்.

"மாமா, உங்க மேல கோவம் இல்ல. நேரம் ஒத்து வரல, அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழம வருவீங்களா?"

"ஷிஃப்ட் இல்லன்னா வரோம்."

பேத்தி இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்தாள். என் காதருகே வந்து, "தாத்தா, நான் நாற்காலியப் பத்தி யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

"நல்ல பொண்ணு" என்றேன்.

(இந்தப் பகுதி இங்கே முடிய வேண்டும். நல்ல இடம். இருந்தாலும் தினமும் நடப்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

தினமும் காலை ஆறு மணிக்குத் தையல்காரர் கதவைத் தட்டுவார். மருமகள் ஏற்பாடு.

"பெரியவரே!"

"இருக்கேன்."

சில நாட்களில் நான் பேசும் பேச்சு அது ஒன்றுதான். கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீலத் திரை அப்படியே தொங்குகிறது. தைக்கக் கொடுத்த அம்மா இன்னும் வரவில்லை. மாலையில் விளக்குப் போட்டால், நிஜமாகவே அதற்குப் பின்னால் ஜன்னல் இருக்கிற மாதிரி தெரியும். நான் விலக்கிப் பார்ப்பதில்லை.

நாலு நாற்பதுக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது. முன்பும் படியில் சத்தம் கேட்டதில்லை, இப்போதும் கேட்பதில்லை.

8

முடிவுகள்.

ஒரு முடிவில், அதிகாரி மறுபடியும் வருகிறார். நான் நாற்காலி தராமல் தரையில் உட்கார வைக்கிறேன். ஐந்து மணிக்குக் காப்பகத்தில் விளக்கு எரிகிறது.

இன்னொன்றில், காப்பகம் திறக்கிறது. மருமகள் அந்த அறையிலேயே இருந்துவிடுகிறாள். அது அவளுக்குப் பழகிவிட்டது.

மூன்றாவதில், என் மகன்

வேண்டாம்.

இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதை எழுதும் அதிகாரம் என்னிடம் இல்லை.

மாடிப்படிப் பேச்சைச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். நேற்றுகூட, முதல் மாடிப் பெண்மணி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேல் வளைவில் மூச்சு வாங்க நின்றிருந்தேன்.

"கல்லு மாதிரி மாமனார வீட்டுல வச்சுக்கிட்டு, புள்ளையப் பாக்க ஆளில்லன்னு எழுதிக் குடுத்திருக்கா. அந்த ஆளே உண்மையச் சொல்லிட்டாராம். அப்பறம் எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு இங்க இருப்பா? அவ ஒருத்தி பொய்யால அத்தன புள்ளைங்களுக்கும் எடம் போச்சு."

நான் இறங்கி வருவதைப் பார்த்ததும் இருவரும் வழிவிட்டார்கள். "நல்லா இருக்கீங்களா ஐயா?"

"நல்லா இருக்கேன்" என்றேன்.

மேலே ஏறி வந்து எழுதினேன். இரண்டு பிரதி. ஒன்று டீச்சரம்மா வழியாக அறக்கட்டளைக்கு. மற்றொன்றைத் தையல்காரரிடம் பசை வாங்கி, முதல் மாடி வளைவில், எல்லோர் கண்ணுக்கும் படும் உயரத்தில் ஒட்டப் போகிறேன். கீழே கையெழுத்து இருக்கும்.

1. என் மருமகள் விண்ணப்பத்தில் பொய் எழுதினாள் என்பது தவறு. அவள் எழுதியது முழுவதும் உண்மை.

2. என்னால் குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. சென்ற ஆண்டு நான் குளியலறையில் விழுந்து கிடந்தபோது பேத்தி நாற்பது நிமிடம் கதவைத் தட்டினாள்.

3. முடியும் என்று அதிகாரியிடம் சொன்னவன் நான்; பொய் சொன்னவனும் நான்.

4. நாற்காலிகள் எதிர்வீட்டுத் தையல்காரருடையவை.